ரெண்டாவது டிஸ்கு ஒரு ஆமாஞ்சாமி

ஏங்கண்ணு, நீ போன்ல பேசினதை அம்மிச்சி ஸ்பீக்கர்ல போட்டா, நானும் கேட்டேன். ஊட்டுலயே சர்வர் கட்டிட்டியாம். நாலு டெராபைட் டிஸ்கு ரெண்டு வாங்கி மிரர் பண்ணிட்டியாம். "இனிமே எதுவுமே போகாது அம்மிச்சி"ன்னு சத்தியம் வேற. அவ பூரிச்சுப் போயி தெருவுல நாலு ஊட்டுக்குச் சொல்லிட்டு வந்துட்டா. நான் வாயைத் தொறக்கல. நல்ல சேதி வந்த நேரத்துல கிழவன் குறுக்க பேசினா கெட்ட பேருதான் மிஞ்சும். அதான் இப்ப சாவகாசமா எழுதறேன். நீயும் சாவகாசமாப் படி. அந்த டிஸ்கு ரெண்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓடும், அவசரமில்ல.

உன்ற அப்புச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல குப்பை கொட்டினவன்னு உனக்குத் தெரியும். சி-டாட் எக்ஸ்சேஞ்சுல முக்கியமான ப்ராசசரெல்லாம் ஜோடி. ஒண்ணு வேலை பார்க்கும், இன்னொண்ணு தயாரா நிக்கும். மொதலாவது படுத்துட்டா ரெண்டாவது பொறுப்பை எடுத்துக்கும். இப்படி அத்தனையும் ஜோடியா இருந்தும், டேப்புல பிரதி எடுத்து அலமாரியில பூட்டி வெக்கிற வேலை தனியா இருந்துச்சு. ஜோடிதான் இருக்குதே, டேப்பு என்னத்துக்குன்னு புதுசாச் சேர்ந்த பசங்க கேப்பானுங்க. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சவன் ஊட்டுல சர்வர் கட்டலாம். நீ கட்டிட்டுத்தான் கேள்விக்கே வந்திருக்கறே. பரவால்ல, உங்க பரம்பரையில கல்யாணமே அப்படித்தான் நடந்துச்சு.

மிரர்ங்கறது உங்க காலத்து வித்தைன்னு நெனைச்சுக்காதே. டாண்டம்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி 1970-கள்லயே டிஸ்கை ஜோடி கட்டி ஓட்டற மெசினை வித்துது. பொறவு 1988-ல கலிஃபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரங்க மூணு பேரு, டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ், ஒரு கட்டுரை போட்டாங்க. வெலை கொறைஞ்ச சின்ன டிஸ்குகளை ஒட்டுக்காக் கட்டினா பெரிய வெலை டிஸ்குக்கு ஈடாகும்ங்கறது அவங்க கணக்கு. ஆனா எண்ணிக்கை கூடக்கூட எதோ ஒண்ணு சாகற வாய்ப்பும் கூடும். அதைத் தாங்கறதுக்கு அஞ்சு வழி எழுதினாங்க, அந்தக் கட்டுக்குப் பேருதான் ரெய்டு. மொத வழி உன்ற மிரர். இதுல பாதி எடம் வீணாப் போவுதேன்னு வெசனப்பட்டுத்தான் மத்த வழிகளை யோசிச்சாங்க. ஆக, எட்டு டெராபைட்டுக்குக் காசு குடுத்துப் போட்டு நாலைப் பொழங்கற ஆளு நீ. அந்த நாலும் மெசினுக்குள்ள பார்த்தா 3.6-ன்னுதான் காட்டும். விக்கறவன் ஆயிரத்துல பெருக்குவான், மெசின் 1024-ல வகுக்கும். கடைக்காரன்கிட்டப் போயி மல்லுக்கு நிக்காதே, உலகம் பூரா அப்படித்தான்.

இதுக்காக உன்னைத் திட்ட வரல. ஊட்டுக்கு மிரருதான் தோது. ரெண்டு டிஸ்குல எதைத் தனியா எடுத்தாலும் முழுச் சரக்கும் அதுல இருக்கும். மத்த வகையில சரக்கு பல டிஸ்குக்குத் துண்டுதுண்டாப் பிரிஞ்சு போயிரும், ஒண்ணை மட்டும் கையில வெச்சுக்கிட்டு ஒண்ணும் படிக்க முடியாது. ரெய்டு கார்டு வாங்காம லினக்ஸ் கெர்னல்ல இருக்கற எம்டி-யை வெச்சே கட்டினே பாரு, அதுக்கு ஒரு சபாஷ். கார்டு வெச்சுக் கட்டினவன், கார்டு செத்துச்சுன்னா அதே ஜோட்டு கார்டைத் தேடி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டைச் சுத்தணும். உனக்கு அந்தக் கவலை இல்ல. மதர்போர்டு போனாலும் சரி, டிஸ்கைக் கழட்டி எந்த லினக்ஸ் மெசின்ல சொருகினாலும், எம்டி-யை நிர்வாகம் பண்ற எம்டி-ஆட்ம் டிஸ்குத் தலைப்பைப் படிச்சு அடையாளம் கண்டுக்கும். அந்த எம்டி-ஆட்ம் 2001-லயிருந்து ஓடிட்டிருக்கற சாமான். எழுதினவரு நீல் பிரவுன்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரரு. மதர்போர்டு டப்பாவுல ரெய்டு உண்டுன்னு அச்சடிச்சிருப்பானே, அதை நம்பி பயாஸ்ல போயி எதையாவது தட்டிராதே. வேலை முழுக்க ப்ராசசர்தான் செய்யும், ஆனா போர்டுக்கு அடிமையா நீ இருக்கணும். ரெண்டு பக்கமும் நட்டம்.

இப்ப விசயத்துக்கு வாரேன். மிரர்ல ரெண்டாவது டிஸ்கு யாருன்னா, நம்மூர்த் தலைவருக்குப் பக்கத்துலயே நிப்பாரே ஒரு ஆமாஞ்சாமி, அவருதான். தலைவரு கையெழுத்துப் போட்டா இவரும் போடுவாரு. தப்பான பத்திரத்துல போட்டாலும் போடுவாரு. அந்த நொடியே போடுவாரு, "ஏனுங், இது சரியா"ன்னு ஒருக்காகூடக் கேக்க மாட்டாரு. அவரால ஒரே ஒரு பிரயோசனம்: தலைவரு மண்டையைப் போட்ட அன்னிக்கு ஆபீசைப் பூட்ட வேண்டியதில்ல, அத்தனை காயிதமும் இவருகிட்ட இருக்கும், நாற்காலியில உக்காந்துக்குவாரு. அந்தப் பிரயோசனம் சின்னதில்ல. ஆனா தலைவரு போட்ட தப்பைத் திருத்தறதுக்கு இவரைக் கூப்பிட்டா எப்படி?

நீ உன்ற கல்யாணப் போட்டோ அடைவை ராத்திரி தூக்கக் கலக்கத்துல அழிச்சீனா, ரெண்டு டிஸ்குலயும் ஒரே நேரத்துல அழியும். வைரஸ் புகுந்து கோப்புக்கெல்லாம் பூட்டுப் போட்டா, ரெண்டுலயும் சமமாப் பூட்டும். ஒரே டப்பா, ஒரே பவர் சப்ளை. அது ஏறுக்குமாறா வோல்ட்டைத் தள்ளுச்சுன்னா ரெண்டும் ஒட்டுக்காப் போகும். திருடன் வந்தா ஒரு டிஸ்கை மட்டும் எடுத்துட்டு, "இது உனக்கு இருக்கட்டும்"னு இன்னொண்ணை வெச்சுட்டுப் போவானா? 2015 டிசம்பர்ல சென்னை வெள்ளத்துல தண்ணி தரைத்தளத்துக்குள்ள புகுந்தப்ப, ஒரே டப்பாவுல இருந்த ஜோடிய ஒண்ணை விட்டு ஒண்ணையா நனைச்சிருக்கும்? "எதுவுமே போகாது"ன்னியே, இதுல எதுக்கு உன்ற மிரரு காவலு? டிஸ்கு தானாச் சாகற அந்த ஒரே சாவுக்கு மட்டும்.

அந்தச் சாவு எத்தனை தடவை வருதுன்னு கேக்கறியா? பேக்ப்ளேஸ்னு ஒரு கம்பெனி லட்சக்கணக்குல டிஸ்கு ஓட்டி, எது எப்பச் சாகுதுன்னு கணக்கை வெளியில போடுது. 2023-ல அவங்க டிஸ்குல வருச விகிதத்துக்கு 1.40 சதவீதம் செத்துச்சு. கேக்கறதுக்குக் கொஞ்சமாத்தான் இருக்கு. ஆனா அவங்க டிஸ்கு ஏசி அறையில, ஆட்டம் அசைவில்லாத ரேக்குல கெடக்குது. உன்ற டிஸ்கு பீரோ மேல, காத்துப் போகாத மூலையில, மேல நீ மடிச்சு வெச்ச போர்வையோட கெடக்குது. அம்மிச்சிக்கு நீ அனுப்பின போட்டோவுல பார்த்தேன். போர்வைய எடு மொதல்ல.

வாங்கின விதத்துலயும் ஒரு கோளாறு. ஒரே கடை, ஒரே நாளு, ஒரே டப்பாவுலயிருந்து ரெண்டு டிஸ்கு. சீரியல் நம்பரு அடுத்தடுத்து வருதுன்னு பெருமையா வேற சொன்னே. ஒரே நாள்ல ஒரே லைன்ல செஞ்சதுல ஒரு கொறை இருந்தா ரெண்டுலயும் இருக்கும். ரெண்டும் ஒரே மணிநேரம் ஓடி, ஒரே சூட்டைத் தின்னு, ஒரே காலத்துல கெழடாகும். ஒண்ணு செத்து, புதுசு போட்டு நிரப்பறப்ப மிச்சமிருக்கற கெழடை மொதல் எடத்துலயிருந்து கடைசி வரைக்கும் முச்சூடும் படிக்கணும். அதோட ஆயுசுல அன்னிக்குத்தான் கடுமையான வேலை, உன்ற முழுச் சொத்தும் அன்னிக்கு அது ஒண்ணுகிட்டத்தான் இருக்கும். அடுத்த டிஸ்காவது வேற கம்பெனி, இல்லாட்டி வேற மாசத்துச் சரக்கு வாங்கு.

டிஸ்கு எழுதற மொறையையும் கேட்டு வாங்கு. எஸ்எம்ஆர்னு ஒரு வகை, எடத்தை மிச்சம் பண்றதுக்குத் தடத்து மேல தடம் கொஞ்சம் ஏறி உக்கார எழுதும். ஒரு எடத்தைத் திருத்தணும்னா பக்கத்துத் தடங்களையும் திருப்பி எழுதணும். சும்மா படம் போட்டு வெக்கிறதுக்கு ஆகும், புது டிஸ்கை முழுசா நிரப்பறப்ப மூச்சு வாங்கும். 2020-ல வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸ்ங்கற சேமிப்பு சர்வருக்குன்னே விக்கற ரெட் டிஸ்குல சிலதை இந்த மொறையில சொல்லாமக் கொள்ளாம வித்தது வெளிய வந்து பெரிய ரகளையாச்சு. அப்புறம்தான் பழைய மொறை டிஸ்குக்கு ரெட் ப்ளஸ்னு தனிப்பேரு வெச்சாங்க. கேக்காம வாங்கினவனுக்கெல்லாம் படிப்பினை இலவசம்.

இன்னொரு சங்கதி இருக்கு, இது வெளிய நெறையப் பேருக்குத் தெரியாது. டிஸ்குல ஒரு எடம் படிக்க முடியாமப் போச்சுன்னா நாஸ் டிஸ்கு பொதுவா 7 நொடியில கையை விரிச்சுரும். அதுதான் நல்லது. எம்டி உடனே அடுத்த டிஸ்குலயிருந்து எடுத்து, கெட்ட எடத்துல திருப்பி எழுதிப் பார்க்கும். சாதா டெஸ்க்டாப் டிஸ்குக்கு வீம்பு ஜாஸ்தி, நிமிசக்கணக்குல முக்கும். லினக்ஸ் 30 நொடிதான் பொறுக்கும். பொறவு செத்துட்டான்னு முடிவு கட்டி, ஒரே ஒரு எடம் கெட்ட டிஸ்கை மொத்தமா வெளியில தள்ளிரும். ஸ்மார்ட்சிடிஎல்-ங்கற கட்டளையில எஸ்சிடி ஈஆர்சின்னு ஒரு அமைப்பு இருக்குது, அதை 70-ன்னு வை, நொடியில பத்துல ஒரு பங்குக் கணக்குல அது 7 நொடி. சில டிஸ்குக்கு கரண்டு போனா இது மறந்துரும், ஒவ்வொரு தடவையும் பூட் ஆகறப்ப வெக்கிற மாதிரி எழுதி வை. டிஸ்கு ஒத்துக்கலைன்னா லினக்ஸோட பொறுமையை 180 நொடிக்கு ஏத்திரு. வீம்புக்காரனைத் திருத்த முடியலைன்னா கூட இருக்கறவன்தான் பொறுத்துப் போகணும். உங்க அம்மிச்சிகிட்ட விசாரிச்சுப் பாரு, விவரமாச் சொல்லுவா.

கட்டறப்ப ரெண்டுமே புதுசு, அதனால ஒரு கண்டத்துல தப்பிச்சே. நாளைக்கு சரக்கு இருக்கற பழைய டிஸ்கோட புதுசு ஒண்ணைச் சேர்த்து ஒரே கட்டளையில மிரர் பண்ணலாம்னு ரோசனை பண்ணிராதே. பண்ணினீனா சரக்கு போயிரும். புதுசா மிரர் கட்டறப்ப எம்டி-ஆட்ம் டிஸ்குத் தலையில தன்னோட குறிப்பை எழுதும், அதுக்கு மேல நீ ஃபார்மட் வேற பண்ணுவே. புது டிஸ்கை மட்டும் வெச்சு, ரெண்டாவது எடத்துல "மிஸ்ஸிங்"னு எழுதிக் கட்டணும். ஒத்தைக் காலுல நிக்கற மிரர் அது, சட்டப்படி செல்லும். பழசுலயிருந்து சரக்கை அதுக்கு நகல் எடு, தொறந்து பாரு, சரியா வந்திருக்கான்னு கண்ணால பாரு, பொறவு பழசைத் தொடைச்சு ரெண்டாவதாச் சேரு. சேர்க்கிறதுக்கு முன்னால கையில இன்னொரு பிரதி இருந்தா ராத்திரி தூக்கம் வரும். இன்னொண்ணு, பார்ட்டிஷனைக் கடைசி மூலை வரைக்கும் இழுக்காதே, ஒரு நூறு எம்பி விட்டு வை. நாளைக்கு வேற கம்பெனி டிஸ்கு வாங்கறப்ப அது ஒரு சுண்டைக்காய் அளவு சின்னதா இருந்துச்சுன்னா உள்ள வரமாட்டேன்னு அடம் புடிக்கும். அன்னிக்கு அந்த நூறு எம்பி காப்பாத்தும்.

மொதத் தடவை ஒத்திசைக்கறப்ப நீ உக்காந்து சதவீதத்தையே பார்த்துட்டிருந்ததா உங்கம்மா சொன்னா. நாலு டெராபைட்டை நொடிக்கு 150 எம்பி வேகத்துல நகல் எடுத்தா ஏழு மணிநேரத்துக்கு மேல ஆகும். நீ பார்த்தாலும் அவ்வளவுதான், பார்க்காட்டியும் அவ்வளவுதான். அந்த நேரத்துலயும் டிஸ்கைப் பொழங்கலாம், பொழங்கினா இன்னும் மெதுவாகும். வேகம்னதும் ஞாபகம் வருது, ரெண்டு டிஸ்கு இருந்தா வேகம் ரெண்டு மடங்குன்னு யாராவது சொன்னா நம்பாதே. ஒரு பெரிய படத்தை ஓட்டறப்ப எம்டி பெரும்பாலும் ஒரு டிஸ்குலயிருந்தே படிக்கும். ரெண்டு பேரு ரெண்டு படம் பார்த்தா பிரிச்சுக் குடுக்கும். எழுதறப்ப ரெண்டுல எது மந்தமோ அதோட வேகம்தான்.

கட்டி முடிச்சதும் மிரரோட யூயூஐடி-ங்கற அடையாள நம்பரை எம்டி-ஆட்ம் அமைப்புக் கோப்புல எழுதி, பூட் ஆகறப்ப படிக்கற இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிச்சியா? எழுதலைன்னா ஒரு நாளு மெசினை அணைச்சுப் போட்டா, எம்டி0-ன்னு இருந்தது எம்டி127-ன்னு வந்து நிக்கும். அன்னிக்கு நீ சரக்கு போச்சுன்னு அலறுவே. சரக்கு எங்கயும் போகல, எம்டி127 கதவைத் தட்டு, தொறக்கும். ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் அதே ஜோடியில வெச்சிருந்தா, பூட் பண்ற க்ரப்பை ரெண்டு டிஸ்குலயும் போடு. யூஈஎஃப்ஐ மெசின்னா அந்தச் சின்ன பூட் பார்ட்டிஷனும் ரெண்டுலயும் இருக்கணும். மொதல் டிஸ்கு செத்த அன்னிக்கு ரெண்டாவதுல சொத்தெல்லாம் இருந்தும் பூட் ஆகறதுக்கு ஒண்ணுமில்லாம முழிக்கற மெசின் எத்தனையோ.

இனிமேதான் கேக்க வந்த கேள்வியே. மத்ததெல்லாம் தெரியாட்டியும் பொழைச்சுக்கலாம். டிஸ்கு செத்தா உனக்கு யாரு சொல்றது?

மிரரோட பெரிய கொறையே, ஒண்ணு செத்தாலும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடறதுதான். படம் ஓடும், போட்டோ தொறக்கும், அம்மிச்சிக்கு வீடியோ கால் வரும். ப்ராக் எம்டிஸ்டாட்ங்கற கோப்பைத் தொறந்து பார்த்தாத்தான் தெரியும். ரெண்டும் உசுரோட இருந்தா சதுர அடைப்புக்குள்ள ரெண்டு யூ நிக்கும். ஒண்ணு போச்சுன்னா ஒரு யூ-வும் ஒரு அடிக்கோடும் நிக்கும். அந்த வரியை நீ எப்பப் பார்த்தே? கட்டின அன்னிக்கு ராத்திரி பத்துத் தடவை பார்த்திருப்பே. அதுக்கப்புறம்? ஒத்தை டிஸ்குல மாசக்கணக்கா ஓடிட்டிருக்கறது தெரியாம, மிரர் இருக்குதுன்னு நிம்மதியாத் தூங்கறவன் நிலைமை, மிரரே இல்லாதவனை விட மோசம். இல்லாதவன் பயந்துக்கிட்டாவது பிரதி எடுத்து வெப்பான்.

எம்டி-ஆட்ம்ல மானிட்டர்னு ஒரு காவல்காரன் பின்னாலயே ஓடறான். டிஸ்கு விழுந்தா மெயில் அனுப்புவான். யாருக்கு? டெபியன் லினக்ஸ்ல சும்மா விட்டா ரூட்டுங்கற கணக்குக்கு அனுப்புவான். அந்த ரூட்டோட மெயிலை யாரு படிக்கறா? நீயா? அந்த மெசின்ல மெயில் வெளிய அனுப்பற சாமானே போடலைன்னா, சேதி மெசினுக்குள்ளயே செத்துக் கெடக்கும். மெயில்அட்ரஸ் வரியில நீ தினமும் பார்க்கற முகவரியைப் போடு, எம்எஸ்எம்டிபி மாதிரி சின்னதா ஒரு அனுப்பிய வை. பொறவு சோதனை மெயில் அனுப்பற கட்டளை இருக்குது, மானிட்டரோட டெஸ்ட்டுனு சேர்த்துக் குடுத்தா போதும். வந்து சேர்ந்துச்சான்னு பாரு. ஸ்பேம்ல கெடந்தா எடுத்து வெளிய விடு.

இப்படிக் காவலைத் தட்டிப் பார்க்காம விடறது ஏதோ நம்ம மாதிரி ஏழைபாழைதான்னு நெனைக்காதே. டாய் ஸ்டோரி 2-ன்னு ஒரு பொம்மைப்படம், நீ சின்னப்பையனா இருக்கறப்ப டிவியில பார்த்து ஆட்டம் போட்டே. 1998-ல அது பிக்சார்ல தயாராகிட்டிருந்தப்ப, யாரோ ஒருத்தர் சர்வர்ல அழிக்கற கட்டளையைத் தப்பான எடத்துல தட்டிட்டாங்க. படம் கண்ணு முன்னால கரைஞ்சுது. பேக்கப் இருக்குதேன்னு எடுத்துப் பார்த்தா, அது ஒழுங்கா வேலை செய்யாமப் போயிருந்தது யாருக்குமே தெரியல. கடைசியில காப்பாத்தினது யாரு? கேலின் சூஸ்மன்னு ஒரு அம்மா. கைக்குழந்தையோட ஊட்டுலயிருந்து வேலை பார்க்கறதுக்காகத் தன் ஊட்டு மெசின்ல ஒரு பிரதி வெச்சிருந்தாங்க. கோடி கோடியாக் கொட்டின கம்பெனிய ஒரு கைக்குழந்தைக்காரி ஊட்டுக் கம்ப்யூட்டரு கரை சேர்த்துச்சு. காவல் இருக்குதான்னு யாரும் தட்டிப் பார்க்காததுதான் அங்க நடந்த தப்பு, ஆளோட வெரலு தவறினது அப்புறம்.

டெபியன்காரன் ஒரு நல்ல காரியம் பண்ணி வெச்சிருக்கான். மாசத்து மொத ஞாயித்துக்கிழமை நடுராத்திரிக்கு மேல ரெண்டு டிஸ்கையும் முழுசாப் படிச்சு ஒப்பிட்டுப் பார்க்கும். "திடீர்னு டிஸ்கு கரகரங்குது, ஹேக் பண்ணிட்டாங்களா"ன்னு நீ ஒரு ஞாயித்துக்கிழமை கேட்டியாமே, அது இதுதான். அதை நிறுத்தினியா? நிறுத்தியிருந்தா மறுக்கா ஓடவிடு. யாரும் தொடாத பழைய போட்டோ மேல கெட்ட எடம் உருவானா அது தெரியறது அன்னிக்குத்தான். இல்லாட்டி ஒரு டிஸ்கு செத்து, மிச்சமிருக்கறதுலயிருந்து நிரப்பறப்பத்தான் தெரியும். அப்ப கேக்கறதுக்கு வேற டிஸ்கு இருக்காது.

இதுல ஒரு சூட்சுமம். ரெண்டு டிஸ்கும் நல்லாத்தான் படிக்குது, ஆனா ஒரு எடத்துல ஒண்ணுக்கொண்ணு வேற சொல்லுதுன்னா, எது நெசம்னு எம்டி-க்குத் தெரியாது. ரிப்பேர் பண்ணச் சொன்னா முன்னால நிக்கறதை எடுத்து மத்ததுல எழுதிரும். ஆமாஞ்சாமிகிட்ட சாட்சி கேட்டா அவ்வளவுதான் கெடைக்கும். சன் கம்பெனிக்காரங்க 2005-ல வெளியில விட்ட இசட்எஃப்எஸ்ஸும், பொறவு லினக்ஸுக்குள்ள வந்த பிடிஆர்எஃப்எஸ்ஸும் ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் வெச்சிருக்கும். எது பொய் சொல்லுதுன்னு கண்டுபுடிச்சு நல்லதை வெச்சுக் கெட்டதைத் திருத்தும். அடுத்த தடவை கட்டறப்ப அதைப் பாரு. கட்டினதை இப்பப் பிரிச்சுப் போட வேண்டியதில்ல.

டிஸ்கு தன் உடம்பைப் பத்தித் தானே எழுதி வெக்கிற ஸ்மார்ட்டுக் குறிப்பையும் பார்த்துப் பழகு. அஞ்சாம் நம்பரு, கெட்டுப்போயி வேற எடத்துக்கு மாத்தினது. 197-ஆம் நம்பரு, கெட்டிருக்கலாம்னு சந்தேகத்துல நிக்கறது. சுழியத்துலயிருந்து ஏற ஆரம்பிச்சா புது டிஸ்குக்குக் காசு எடுத்து வை. செத்த பொறவு வாங்கப் போறவன் கடைக்காரன் சொன்ன வெலைக்குத்தான் வாங்குவான்.

மாத்தற அன்னிக்கு ஒரு வேலை, அதை இன்னிக்கே செஞ்சுரு. ஒவ்வொரு டிஸ்கோட சீரியல் நம்பரையும் பெருசா எழுதி, டப்பாவத் தொறந்தவுடனே கண்ணுக்குத் தெரியற பக்கம் ஒட்டி வை. எஸ்டிஏ, எஸ்டிபி-ங்கற பேரை நம்பாதே, அது பூட் ஆகற வரிசையில மாறிக்கும். செத்ததை எடுக்கறேன்னு நல்லதைப் புடுங்கினவன் கதையெல்லாம் நாட்டுல நெறைய. செத்ததை ஃபெயில்னு குறிச்சு, ரிமூவ் பண்ணி, மெசினை அணைச்சு, நம்பரை ரெண்டு தடவை வாய்விட்டுப் படிச்சுட்டு அப்புறம் கை வை.

கரண்டுக்கு ஒரு யூபிஎஸ் வை. ரைட்-இன்டென்ட் பிட்மேப்புன்னு ஒரு குறிப்பேடு இருந்தா, எழுதிட்டிருக்கறப்ப கரண்டு போனாலும் மறுக்கா ஏழு மணிநேரம் ஒத்திசைக்க வேண்டியதில்ல, பாதியில நின்ன எடத்தை மட்டும் பார்த்துக்கும். பெரிய டிஸ்குன்னா எம்டி-ஆட்ம் தானாப் போட்டுரும், இல்லாட்டிப் போடட்டுமான்னு கேக்கும். வேண்டாம்னு சொல்லிராதே.

ஆக, ஜோடி இருக்கறப்ப டேப்பு என்னத்துக்குன்னு கேட்ட பசங்களுக்கு அன்னிக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு உனக்கு இப்பப் புரிஞ்சிருக்கும். மூணு பிரதி, ரெண்டு விதமான சாமான்ல, ஒண்ணு வேற எடத்துலன்னு பீட்டர் க்ரோக்னு ஒரு போட்டோக்காரரு பரப்பின கணக்கு இருக்குது. உன்ற மிரரு இந்தக் கணக்குல ரெண்டு பிரதின்னு வாதாடாதே. அது ஒண்ணு. செத்தா உடனே எந்திரிக்கற ஒண்ணு, அவ்வளவுதான்.

அதனால ஒரு வெளி டிஸ்கு வாங்கு. மாசாமாசம் ஆர்சிங்க் பண்ணு, முடிஞ்சதும் வயரைக் கழட்டி வை. சொருகியே வெச்சிருந்தா வைரஸுக்கு அதுவும் ஒரு அடைவுதான். இன்னொரு வெளி டிஸ்கு வாங்கி, நோம்பிக்கு வாரப்ப இங்க கொண்டாந்து நம்ம ஊட்டு அட்டாலியில வை. அடுத்த நோம்பிக்குப் புதுசைக் கொண்டாந்து பழசை மாத்திக்கிட்டுப் போ. உன்ற சென்னைத் தண்ணி இங்க வராது, இங்க தண்ணியே வராது. என்க்ரிப்ட் பண்ணியே கொண்டா. எனக்கு உன்ற போட்டோவைத் தொறந்து பார்க்கற ஆசை இல்ல, ஆனா உங்க அம்மிச்சி இருக்கறா. பாஸ்வேர்டை டிஸ்கு மேலயே எழுதி ஒட்டிராதே, அதையும் செஞ்சு பார்த்தவங்க நம்ம சொந்தத்துலயே உண்டு.

அதுக்கு முன்னால இன்னிக்குப் பொழுதோட அந்தச் சோதனை மெயிலை அனுப்பு. என்ற முகவரியையும் சேர்த்துப் போடு. வந்து சேரலைன்னா நாளைக்குக் காலையில நானே போன் பண்ணுவேன், ஸ்பீக்கர்ல.